மலை வீட்டு மராமத்து

(மலைப்பகுதிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, பாலம், பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் இன்றியமையாதவையே. எனினும், பகலெல்லாம் உழைத்த குடும்பம் இரவில் தலை சாய்க்கும் வீடு ஒழுகுமானால், மற்ற வசதிகளின் பயனை அக்குடும்பம் முழுமையாக அனுபவிக்க இயலாது. ஆதலால் இன்று வீட்டு மராமத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச முற்படுகிறோம். அதிலும் ஊர் நடுவே இருக்கும் வீடுகளைப் பற்றியன்று. கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, பச்சைமலை, சித்தேரிமலை போன்ற இடங்களில், காட்டோரத்திலும் மலைச்சரிவிலும் தனித்து நிற்கும் வீடுகளே நம் பேச்சின் பொருள். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் சாளை என்று வழங்கும் வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தகைய தனி வீடுகளின் நிலையை நீங்கள் நன்கு அறிவீர்கள். வண்டிப் பாதை ஓரிடத்தில் முடிந்துவிடும், அதற்கப்பால் தலைச்சுமைதான். மின்கம்பி எட்டாத வீடுகளும் உண்டு. கொத்தனாரும் தச்சரும் கூப்பிட்ட நாளில் வருவதில்லை. நடு இரவில் சுவர் சரிந்தால் ஓடிவந்து உதவுவதற்கு அண்டை வீடு கூப்பிடு தூரத்தில் இராது. ஆகவே, சமவெளியில் சிறு குறையாகத் தோன்றுவது மலையில் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழி இத்தகைய வீடுகளுக்கு முற்றிலும் பொருந்துவதாகும்.

வீட்டுக்குப் பகைவன் யார்?

மண் வீட்டுக்குப் பகைவன் மழை என்று பொதுவாகச் சொல்லுகிறோம். இன்னும் நுட்பமாகப் பார்த்தால், வழி தெரியாமல் தேங்கும் நீரே பகைவன் என்பது விளங்கும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கூரை 300 சதுர அடி நிலத்தை மூடுகிறது. அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 280 லிட்டர் நீர் விழுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழை நமது சிறு வீட்டின் மீது பெய்தால் விழும் நீர் 14,000 லிட்டர். சாதாரணத் தண்ணீர் லாரி ஒன்று கொள்ளும் அளவைவிட இது அதிகம். அவ்வளவு நீரும் இறவாரத்தின் வழியாக, சுவரிலிருந்து ஓரிரண்டு அடி தூரத்திலேயே தரையில் விழுகிறது. விழுந்த நீர் எங்கே போகிறது? இக்கேள்விக்கு விடை காண்பதே மராமத்தின் முதற்பாடமாகும்.

“கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை” என்பர் பெரியோர். ஆனால் தானே புயல் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, அதாவது மார்கழி மாதத்தில், கடலூர்ப் பகுதியைத் தாக்கியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் கடற்கரையோடு நிற்கவில்லை; உள்நாட்டில் நெடுந்தூரம் சென்று கொடைக்கானல் மலைப்பகுதியிலும் சேதம் விளைவித்தது. ஆகையால், கார்த்திகை கழிந்தது, இனிப் பயமில்லை என்றோ, நாம் மலைமேல் இருக்கிறோம், புயல் கடற்கரைக்காரர்களுக்கு உரியது என்றோ எண்ணியிருத்தல் தகாது.

மராமத்தின் வரிசை

மலைக்கிராமங்கள் பலவற்றில் நாம் காணும் வழக்கம் என்னவெனில், பொங்கல் வந்ததும் சுவருக்கு வெள்ளை அடிப்பதோடு மராமத்து முடிந்துவிட்டதாகக் கருதுவதாகும். வெள்ளை அடித்தல் அழகுக்கும் சுகாதாரத்துக்கும் நல்லதே. ஆயினும் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கூரை ஒழுகும் வீட்டின் சுவரைப் பூசுவது வீண் செலவு. சுவரின் பாதம் அரித்துப் போயிருக்கும்போது மேற்சுவரை ஒக்கிடுவதும் அத்தகையதே. எனவே முதலில் கூரை, அடுத்து சுவரின் பாதமும் அதைச் சுற்றியுள்ள வடிகாலும், அதன்பின் சுவர், கடைசியாக வெள்ளை என்னும் வரிசையை மனத்தில் கொள்ள வேண்டும். கையில் பணம் குறைவாயிருந்தால் வரிசையின் முற்பகுதியை இவ்வாண்டும் பிற்பகுதியை அடுத்த ஆண்டும் செய்யலாம். வரிசையை மட்டும் மாற்றலாகாது.

கூரை

கூரையில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நல்ல வெயில் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடங்களையெல்லாம் கரித்துண்டால் நேர்கீழே தரையில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சொட்டு விழும் இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்யலாகாது. நீர் உயரத்தில் நுழைந்து, கைமரத்தின் வழியே இறங்கி, வேறோரிடத்தில் சொட்டும். ஆகவே கறை படிந்திருக்கும் வழியைப் பின்பற்றி மேல்நோக்கிப் பார்த்துச் செல்ல வேண்டும்.

புல் வேய்ந்த கூரைக்குச் சரிவே உயிர். 10 அடி அகலமுள்ள வீட்டுக்கு முகடு சுவர்மட்டத்திலிருந்து 5 அடி உயர்ந்திருக்க வேண்டும். அச்சரிவில் நீர் நில்லாமல் ஓடிவிடும். சரிவு குறைந்தால் நீர் புல்லுக்குள் இறங்கி, புல் மக்கி, ஓராண்டிலேயே கூரை கெட்டுவிடும். பழைய புல்லின் மேற்பரப்பு கறுத்து மக்கியிருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதுப்புல் வேய வேண்டும். மக்கியதன் மேலேயே வேய்ந்தால் புதுப்புல்லும் விரைவில் மக்கும். முகட்டில் எப்போதும் தனிக் கவனம் வேண்டும். இரு சரிவுகளும் சேரும் அவ்விடத்தில் புல்லை மடித்துப் போட்டு, இருபுறமும் மூங்கிற் பட்டைகளை வைத்து இறுகக் கட்டுவது நல்லது.

ஓட்டு வீட்டில் சரிவு சற்றுக் குறைவாக இருக்கலாம். மங்களூர் ஓட்டுக்கு, 10 அடி அகல வீட்டில் முகடு ஏறக்குறைய 3 அடி உயர்ந்திருந்தால் போதும். உடைந்த ஓடுகளையும் இடம் நழுவிய ஓடுகளையும் மாற்றுகையில் ஓட்டின் மேல் நேரே காலை வைக்கலாகாது; ஏணியையோ பலகையையோ கூரைமேல் கிடத்தி அதன்மேல் நடமாட வேண்டும். ஓர் ஓட்டை மாற்ற ஏறியவர் நான்கு ஓடுகளை உடைத்துவிட்டு இறங்குவது நாம் அடிக்கடி காணும் காட்சி. முகட்டு ஓடுகளின் அடியில் காரை பெயர்ந்திருந்தால் சுண்ணாம்புக் காரை இட்டு மீண்டும் பதிக்க வேண்டும். இரண்டு கூரைகள் சேரும் கூடுவாயில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் உட்புறம் திரும்பும். ஆடியிலும் ஐப்பசியிலும் அதைத் துடைத்துச் சுத்தம் செய்தல் அவசியம்.

தகரக் கூரை போட்டிருப்பவர்கள் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். தகரத்தின் மேடும் பள்ளமும் இருக்கின்றன அல்லவா? நீர் ஓடுவது பள்ளத்தில். ஆகவே திருகாணியை மேட்டில்தான் இறக்க வேண்டும். அதன் தலைக்கடியில் ரப்பர் வாஷர் இருத்தல் வேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது 6 அங்குலத்துக்குக் குறையாமல் படிய வேண்டும். பக்கவாட்டில் ஒட்டும் விளிம்பு, காற்று பெருவாரியாக வீசும் திசையை நோக்கித் திறந்திராமல், அதற்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் உள்ள வீடுகளில் அவற்றை அறுப்பதையும் துளையிடுவதையும் தவிர்க்க வேண்டும். அத்தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைவிப்பதாகும்.

காற்று

காற்று கூரையைத் தள்ளுகிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் பலத்த காற்று கூரையின் மேலாகக் கடந்து செல்லும்போது அதை மேல்நோக்கி இழுக்கிறது. முகட்டிலும் இறவார ஓரங்களிலும் அவ்விழுப்பு மிகுதி. ஆகவே கூரையின் கனத்தை நம்பியிருத்தல் போதாது. கூரையைச் சுவரோடும் தூணோடும் பிணைக்க வேண்டும். ஒவ்வொரு கைமரத்தையும் அதன் அடியிலுள்ள உத்திரத்தோடு துத்தநாகம் பூசிய கம்பியால் இறுகக் கட்டுங்கள். உத்திரத்தைச் சுவருக்குள் அல்லது தூணின் தலைக்குள் கம்பியால் ஆழமாகப் பிணையுங்கள். புற்கூரையின் மேல் கயிற்றை வலைபோல் பரப்பி, இறவாரத்தில் நீண்ட மூங்கில்களோடு கட்டுவதும் நல்ல முறை. மலை முகட்டில் காற்றுக்கு நேராக நிற்கும் வீடுகளுக்கு நான்கு புறமும் சரிவுள்ள கூரை, இரு புறம் மட்டும் சரிவுள்ள கூரையைவிட உறுதியாக நிற்கும்.

சுவரின் பாதம்

இனி, நாம் மிக முக்கியமெனக் கருதும் பகுதிக்கு வருவோம். மண்சுவர் பெரும்பாலும் தலையிலிருந்து விழுவதில்லை, பாதத்திலிருந்தே விழுகிறது. இறவாரத்து நீர் தரையில் மோதித் தெறிக்கும்போது, சுவரின் அடியில் ஓரடி முதல் ஒன்றரை அடி உயரம் வரை நனைகிறது. ஆண்டுதோறும் அந்தப் பகுதி சிறிது சிறிதாகக் கரைந்து உள்வாங்குகிறது. மேலே கனமான சுவர் நிற்க, அடியில் குழிவு விழுந்து, ஒருநாள் இரவு அடை மழையில் சுவர் முழுவதும் சரிகிறது. உறங்கிக் கொண்டிருப்பவர்களுக்கு எழுந்து ஓடக்கூட நேரமிருப்பதில்லை.

இதற்குப் பரிகாரம் நான்கு. முதலாவது, இறவாரம் சுவரிலிருந்து 2 அடிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டரை அடி இருந்தால் இன்னும் நன்று. இரண்டாவது, நீர் விழும் இடத்தில் கற்களைப் பரப்பி, வீட்டைச் சுற்றிலும் தரை வெளிநோக்கிச் சரியுமாறு செய்ய வேண்டும். கல்லின்மேல் விழும் நீர் மண்ணைக் கிளப்பாது. சரிவு இருந்தால் அங்கே தேங்காது. மூன்றாவது, அரித்துப்போன பாதத்தைக் கல்லும் களிமண்ணும் கொண்டு அடைக்க வேண்டும். அப்படி அடைக்கும்போது சுவர் நெடுகிலும் ஒரே நாளில் தோண்டுதல் பேராபத்து. மேலே முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் 3 அடி நீளம் மட்டும் சுரண்டி, தளர்ந்த மண்ணை நீக்கி, நீர் தெளித்து, கல் வைத்து அடைத்து, அது இறுகியபின் சிறிது இடம் விட்டு அடுத்த மூன்றடியைத் தொட வேண்டும்.

நான்காவது, சரிவில் கட்டிய வீடுகளுக்கு மேற்புறத்தில் ஒரு தடுப்பு வாய்க்கால் அவசியம். மலைமேலிருந்து இறங்கும் நீர் வீட்டின் பின்சுவரில் மோதாதபடி, சுவரிலிருந்து சில அடிகள் தள்ளி வாய்க்கால் வெட்டி, இருபுறமும் வீட்டைச் சுற்றிக் கீழே கொண்டு போய்விட வேண்டும். அந்நீர் கீழ்வீட்டாரின் சுவரில் போய் மோதாமல் ஓடையில் சேருமாறு பார்த்துக்கொள்வது அயலாருக்கு நாம் செய்யும் கடமை. இடம் வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுவது சிலருடைய வழக்கம். மலையின் காலை வெட்டினால் அதன் உடல் நம்மேல்தான் விழும்.

கல்லால் கட்டிய சுவரானாலும் அதன் பின்னே நீர் தேங்கினால் தாங்குவது அரிது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையம் அருகேயுள்ள நடூரில், பெருமழையின்போது உயரமான கல் மதிற்சுவர் ஒன்று இடிந்து, பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் உயிரிழந்தனர். எனவே உங்கள் சுவரை மட்டுமின்றி, உங்கள் வீட்டுக்கு மேலே நிற்கும் பிறர் சுவரையும் பார்த்து வையுங்கள். தாங்குசுவர் எதுவாயினும் அதன் அடியில் நீர் வடியும் துளைகள் இருத்தல் வேண்டும். அவை அடைபட்டிருந்தால் உடனே திறந்துவிட வேண்டும்.

சுவரும் பூச்சும்

மண்சுவரின் மேல் சிமெண்டு பூசினால் பலமாயிருக்கும் என்னும் நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. இதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும்; பின்பு வெளியிட்டு உலரும். சிமெண்டுப் பூச்சு இறுகிய தோலைப் போன்றது. அதில் விழும் மெல்லிய வெடிப்புகளின் வழியே நீர் உள்ளே போகிறது. போன நீர் வெளிவர வழியில்லை. உள்ளே மண் இளகி, பூச்சு உப்பி, ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். வெளிப்பார்வைக்கு நல்ல சுவராகத் தெரிவதால் உள்ளேயுள்ள சேதம் நமக்குத் தெரிவதுமில்லை. மேலும், கீழ்நாட்டிலிருந்து ஒரு மூட்டை சிமெண்டு மலை ஏறும்போது விலையோடு சுமைகூலியும் ஏறுகிறது. அப்பணத்தை இறவாரத்தை நீட்டுவதற்குச் செலவிட்டால் அதிகப் பயன் உண்டு.

மண்சுவருக்கு மண்பூச்சே பொருத்தமானது. மண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை சொல்லுகிறோம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் முதலில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. மறுநாள் பார்த்தால் எது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். களி மிகுந்தால் பூச்சு வெடிக்கும். மணல் மிகுந்தால் மழையில் உதிரும். சந்தேகமிருந்தால், வெவ்வேறு அளவில் மணல் சேர்த்த நான்கு கலவைகளைச் சுவரில் கையகல அளவுக்குப் பூசி, ஒரு வாரம் உலரவிட்டு, வெடிக்காததும் விரலால் தேய்த்தால் உதிராததுமான கலவையைக் கைக்கொள்ளுங்கள். அதில் நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்து, ஒரு வாரம் ஊறவைத்து, நாள்தோறும் மிதித்துப் பதப்படுத்த வேண்டும்.

சாரல் மிகுதியாக அடிக்கும் சுவருக்கு இன்னும் உறுதியான பூச்சு ஒன்று உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதனை உருவாக்கியது. சாலைக்குப் பயன்படும் தார் ஒன்றரை கிலோவை மெழுகு 15 கிராமுடன் உருக்கி, 300 மில்லி லிட்டர் மண்ணெண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். இக்கலவையை, மேற்சொன்னவாறு பதப்படுத்திய மண் ஒரு கன அடியோடு சேர்த்து நன்றாக மிதித்து, அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான கனத்தில் பூசினால் சுமார் 20 சதுர அடிச் சுவருக்குப் போதும். உலர்ந்தபின் சாணமும் மண்ணும் கலந்த மெல்லிய மெழுக்கு இட்டால் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். இதில் எச்சரிக்கை மிக அவசியம். உருகிய தாரைத்தான் மண்ணெண்ணெயில் ஊற்ற வேண்டும். அதுவும் அடுப்பை விட்டு நெடுந்தூரம் விலகி, திறந்த வெளியில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்ய வேண்டும்.

சுண்ணாம்புப் பூச்சு விரும்புவோர், நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசலாம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கும் நம் முன்னோர் வழக்கத்தைக் கொத்தனார்கள் அறிவார்கள். சுண்ணாம்பு மெல்ல மெல்ல இறுகும் இயல்புடையது. மழைக்கு முந்தின வாரத்தில் பூசினால் கரைந்துவிடும். வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். பூசுவதற்கு வகையில்லாதவர்கள், சாரல் அடிக்கும் பக்கத்தில் கீற்றாலோ புல்லாலோ ஒரு தட்டி முடைந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டால் அம்மழைக்காலம் முழுவதும் சுவர் நனையாமல் தப்பும். இதைவிடச் சிக்கனமான மராமத்து வேறில்லை.

மூங்கிலும் மரமும்

கூரைக்கு வேண்டிய மூங்கிலைத் தை, மாசி மாதங்களில் வெட்டுவது சிறந்தது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தே பூச்சிகளுக்கு உணவு. வெட்டிய மூங்கிலை ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீரில் அமிழ்த்தி வைத்தால் அச்சத்து கரைந்து நீங்கும். பின்பு நிழலில் உலர்த்த வேண்டும். வசதியுள்ளவர்கள் 100 லிட்டர் நீரில் போராக்ஸ் 3 கிலோவும் போரிக் அமிலம் 2 கிலோவும் கரைத்து அதில் ஊறவைக்கலாம். இம்மருந்து மழையில் கரைந்துவிடுமாதலால், கூரைக்கு உள்ளே நனையாமல் இருக்கும் மூங்கிலுக்கு மட்டுமே ஏற்றது. 2017ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்னும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் மூங்கில் வளர்ப்பது மராமத்துக்கான சேமிப்பாகும்.

கரையான் ஒளிந்தே வரும் இயல்புடையது. சுவரிலும் தூணிலும் மண்ணால் குழாய்போல் கட்டிக்கொண்டு ஏறும். மாதம் ஒருமுறை அதைத் தேடிச் சுரண்டிவிட வேண்டும். விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்குதல் கரையானுக்கு நாமே ஏணி வைப்பதாகும். தூணை நேரே மண்ணில் நடாமல் கல்லின்மேல் நிறுத்துங்கள்.

அடுப்புப் புகையைப் பற்றியும் ஒரு சொல். புகை கூரையில் படிவதால் புல்லையும் மூங்கிலையும் பூச்சி அண்டுவதில்லை என்பது உண்மையே. அதற்காகத் தாய்மார்களின் கண்ணும் நெஞ்சும் கெடலாகாது. புகைபோக்கியுள்ள அடுப்பை வைத்துவிட்டு, மூங்கிலை மேற்சொன்ன மருந்தால் காத்துக்கொள்வதே முறை. புகைபோக்கிக் குழாய் புற்கூரையைத் தொட்டால் தீப்பிடிக்கும். ஆதலால் அதைப் பக்கச்சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து, இறவாரத்துக்கு அப்பால் தள்ளி மேலே உயர்த்த வேண்டும்.

விளக்கும் நீரும்

மின்கம்பி எட்டாத வீட்டுக்குச் சூரிய விளக்கு பெரும் துணை. 40 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 160 முதல் 200 வாட்-மணி வரை மின்சாரம் தரும். வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், 5 வாட் விளக்குகள் இரண்டை ஐந்து மணி நேரம் எரிப்பதற்கும் கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கும் தாராளமாகப் போதும். மழைக்காலத்தில் பல நாள் வெயில் இராது. அந்நாட்களில் ஒரு விளக்கோடு சிக்கனமாயிருக்க வேண்டும். தகட்டைப் புற்கூரையின்மேல் வைக்கலாகாது. அதைத் தனிக் கம்பத்தில் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து, காற்றுக்கு அசையாமல் இறுக்கி, மரநிழல் விழாத இடத்தில் நிறுத்துங்கள். பாட்டரியை ஈரம் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

ஓட்டுக் கூரையில் விழும் மழைநீரைத் தகரத் தாழி வழியே தொட்டியில் சேர்க்கலாம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். புற்கூரை நீர் நிறம் மாறியிருக்குமாதலால் குடிப்பதற்கு ஆகாது. மாட்டுக்கும் செடிக்கும் பயன்படும். இவ்வாறு சேர்க்கும் ஒவ்வொரு குடம் நீரும் சுவரின் பாதத்தில் விழாமல் தப்பிய குடம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மராமத்துக்கு அடங்காத வீடு

எல்லா வீட்டையும் மராமத்தால் காப்பாற்றிவிட முடியாது. சுவரில் வெடிப்பு இருந்தால், அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதம் சென்றும் அது கிழியாதிருந்தால் வெடிப்பு பழையது, அடைத்துவிடலாம். கிழிந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சாய்வு மாதத்துக்கு மாதம் வளர்ந்தாலும், சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தாலும், அச்சுவரைப் பிரித்துக் கட்டுவதே வழி. அதுவரை அதனருகே ஒருவரும் படுக்கலாகாது.

நிலத்துக்கும் அறிகுறிகள் உண்டு. சரிவில் புதிதாக நீண்ட வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் வேலிக்கால்களும் சாய்தல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், நேற்றுவரை எளிதாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுதல் ஆகியவை மண் நகர்வதைக் காட்டும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து வீடு புதைந்ததில் 7 பேர் மாண்டனர். இத்தகைய குறி கண்டால், பொருள்களை எடுக்க நேரம் போக்காமல் குடும்பத்தோடும் கால்நடைகளோடும் பள்ளிக்கூடம் முதலிய பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதைக் கதவின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

பஞ்சாயத்தின் கடமை

தனித்து நிற்கும் வீடானாலும் அதில் வாழ்வோர் தனித்தவர் அல்லர். அவர்களும் பஞ்சாயத்தின் மக்களே. கிராம சபைக் கூட்டங்களின் தேதிகள் மராமத்துக்கு மிகவும் வாய்ப்பாக அமைந்திருக்கின்றன. ஜனவரி 26ஆம் தேதி தை மாதத்தில் வருகிறது. அன்று, ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வார்டிலுள்ள தனி வீடுகளைப் பார்வையிட்டு எழுதிய பட்டியலைச் சபையில் வைக்கலாம். எந்த வீட்டில் கூரை, எதில் பாதம், எதில் முதியவரோ விதவையோ துணையின்றி இருக்கிறார் என்பன அதில் இருத்தல் வேண்டும். மார்ச் 22ஆம் தேதிக் கூட்டத்தில் கூரை வேலைகளின் நிலையையும், மே 1ஆம் தேதி பூச்சு வேலைகளின் நிலையையும் கேட்கலாம். ஆகஸ்டு 15ஆம் தேதிக்குள் ஆடி மழை கூரையின் குறைகளைக் காட்டிவிடும். அக்டோபர் 2ஆம் தேதி புரட்டாசியின் நடுப்பகுதி. வடகிழக்குப் பருவ மழைக்கு முன் நமக்குக் கிடைக்கும் கடைசித் தவணை அதுவே.

பணத்தைவிட ஆள்பலமே இவ்வேலைக்கு அதிகம் தேவை. இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்னும் முறையில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், ஒரு வீட்டின் கூரையை ஒரே பகலில் வேய்ந்து முடிக்கலாம். ஏணி, தூக்குக்குண்டு, நீண்ட கயிறு, முட்டுக் கழிகள் ஆகியவற்றைப் பஞ்சாயத்து ஒரு தொகுதியாக வாங்கி வைத்து முறையாகக் கொடுத்து வாங்கலாம். ஒருவர் மட்டும் வாங்கினால் பாரம். ஊருக்குப் பொதுவானால் இலகு. பட்டியலின் முதல் வரிசை, உழைக்க ஆளில்லாத வீடுகளுக்கு உரியதாக இருக்க வேண்டும். அங்கத்தினர்களின் வீடுகள் அதன்பின் வரட்டும்.

பெரியோர்களே! இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதி உங்கள் பாட்டனார் அறிந்ததே. கல்லும் களியும் புல்லும் மூங்கிலும் நம் மலையிலேயே இருக்கின்றன. நீர் எங்கே விழுகிறது, விழுந்தபின் எங்கே போகிறது என்று மழை பெய்யும்போதே ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து பார்ப்பது ஒன்றே புதிதாக நாம் கேட்டுக்கொள்வது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இவ்வாண்டு மழையில் நமது பஞ்சாயத்து எல்லைக்குள் ஒரு சுவரும் உறங்குவோர் மேல் விழலாகாது என்று இச்சபையிலேயே தீர்மானம் செய்து, நாளைக் காலை முதல் வீட்டுக்கு இருவராகச் சென்று பட்டியல் எழுதத் தொடங்குமாறு உங்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.